திரையில் தெரியும் நேரம் யாருடைய நேரம்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் நிறுவனம் மல்லிகைப் பூ ஏற்றுமதியாளர்களுக்குச் சரக்குப் பதிவு மென்பொருள் செய்து தருகிறது. அன்றைய பதிவு மாலை 6.30 மணிக்கு முடியும் என்பதை நேர மண்டலத்தோடு சேர்த்துக் காட்ட வேண்டும் என்றார்கள். ஜாவா நிரல்மொழியில் நேரத்தை எழுத்தாக மாற்றித் தரும் சிம்பிள்டேட்ஃபார்மேட்டைப் பயன்படுத்தி, மண்டலத்துக்குப் பெரிய ‘எக்ஸ்’ எழுத்தை ஒரு முறை போட்டேன். திரையில் 18:30+05 என்று வந்தது. துபாயில் இருக்கும் முகவர் அதைத் தம் ஊர்க் கணக்குக்கு மாற்றி, மாலை 5.30 வரை அவகாசம் இருப்பதாக எண்ணிக்கொண்டார். பதிவோ அங்கே 5 மணிக்கே முடிந்துவிட்டது. நடுவில் அரை மணி நேரம் எங்கே போயிற்று, ஐயா?
– ஒரு பயிற்சி நிரலாளர், வடபழஞ்சி

பதில்: அந்த அரை மணி நேரத்தை விழுங்கியது நீங்கள் போட்ட ஒற்றை எழுத்துதான். சிம்பிள்டேட்ஃபார்மேட்டில் ‘எக்ஸ்’ ஒரு முறை வந்தால் மணியை மட்டும் எழுதும், நிமிடத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். இரண்டு முறை வந்தால் +0530 என்றும், மூன்று முறை வந்தால் +05:30 என்றும் எழுதும். யூடிசி என்னும் உலகப் பொது நேரத்திலிருந்து முழு மணிக்கணக்கில் விலகியிருக்கும் நாட்டில் இருந்துகொண்டு இந்த நிரலைச் சோதித்துப் பார்ப்பவருக்கு இதில் ஒரு குறையும் தென்படாது. துபாய்க்கு +04, சிங்கப்பூருக்கு +08 என்று எல்லாம் சரியாகவே வரும். அரை மணி சேர்ந்த நேரத்தை வைத்திருக்கும் நமக்கும் இலங்கைக்கும், முக்கால் மணி சேர்த்து 5:45 என்று வைத்திருக்கும் நேபாளத்துக்கும் வரும்போதுதான் குட்டு வெளிப்படும். ஆகவே வெளிநாட்டில் சோதித்துத் தேறிய நிரல் என்பதை நம் ஊரில் ஒரு சான்றாகக் கொள்ள வேண்டாம்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜாவாவின் புதிய டேட்டைம்ஃபார்மேட்டரில் அதே ‘எக்ஸ்’ எழுத்தை ஒரு முறை போட்டால், நிமிடம் சுழியமாக இல்லாதபோது அதையும் சேர்த்து +0530 என்றே எழுதும். ஒரே மொழி, ஒரே எழுத்து, இரண்டு விதமான நடத்தை. பழைய நிரலைப் புதியதற்கு மாற்றும்போது வெளியீடு மாறிப்போவதும், அதை வாங்கிப் படிக்கும் மறுமுனை நிரல் தடுமாறுவதும் இதனால்தான். டாட்நெட்டில் சிறிய ‘இசட்’ இரண்டு போட்டால் +05, மூன்று போட்டால் +05:30. பைத்தானில் சதவீதக் குறியோடு சிறிய ‘இசட்’ போட்டால் +0530 என்று முக்காற்புள்ளி இல்லாமல் வரும். முக்காற்புள்ளி வேண்டுமென்றால் 3.12-ஆம் பதிப்பிலிருந்து அந்தச் சதவீதக் குறிக்கும் எழுத்துக்கும் நடுவில் ஒரு முக்காற்புள்ளியைச் செருகிக்கொள்ளலாம்.

முக்காற்புள்ளி வேண்டுமா வேண்டாமா என்பது அழகு பற்றிய கேள்வி அன்று. இணையச் செயலிகள் தமக்குள் நேரத்தைப் பரிமாறிக்கொள்ளும் ஆர்எஃப்சி 3339 என்னும் வரையறை முக்காற்புள்ளியோடு +05:30 என்றுதான் கேட்கிறது. மின்னஞ்சலின் தலைப்பகுதியோ அது இல்லாமல் +0530 என்று கேட்கிறது. எனவே யாருக்கு அனுப்புகிறோம் என்று தெரிந்துகொண்ட பிறகே எழுத்துகளின் எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும்.

நீங்கள் கேட்காவிட்டாலும், உங்கள் நிரலில் இன்னொன்றையும் ஒரு முறை தேடிப் பார்த்துவிடுங்கள். வடிவக் குறியீட்டின் கடைசியில் பெரிய ‘இசட்’ எழுத்தை ஒற்றை மேற்கோளுக்குள் அடைத்து எழுதும் பழக்கம் நம் அலுவலகங்களில் பரவலாக இருக்கிறது. மேற்கோளுக்குள் போனால் அது வெறும் எழுத்தாகிவிடுகிறது; கணினி எதையும் கணக்கிடுவதில்லை. ஆனால் படிக்கும் மறுமுனைக்கு அந்த எழுத்து ‘இது யூடிசி நேரம்’ என்றே பொருள்படும். இந்திய நேரம் 18:30-ஐ எடுத்து, பின்னால் அந்த எழுத்தை ஒட்டி அனுப்பினால், வாங்குபவர் அதை நம் நள்ளிரவு 12 மணியாக எடுத்துக்கொள்வார். அரை மணிப் பிழையையாவது யாரேனும் கவனித்துத் தொலைபேசியில் கூப்பிடுவார்கள்; ஐந்தரை மணிப் பிழை தரவுத்தளத்துக்குள் போய் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்துகொள்ளும்.

கடைசியாக, பூ வியாபாரி பார்க்கும் திரையில் +05:30 என்று காட்டவே வேண்டாம் என்பது என் கருத்து. அது இயந்திரங்கள் பேசிக்கொள்ளும் மொழி. ‘பதிவு முடியும் நேரம்: மாலை 6.30, இந்திய நேரம்’ என்று ஒரு வரியும், அதன் கீழே ‘துபாயில்: மாலை 5.00’ என்று இன்னொரு வரியும் இருந்தால், மாட்டுத்தாவணியில் இருப்பவரும் துபாயில் இருப்பவரும் கூட்டல் கழித்தல் இல்லாமல் வேலையைப் பார்ப்பார்கள்.

கேள்வி: எண்களை ஏன் எழுத வேண்டும்? ‘ஐஎஸ்டி’ என்று மூன்று எழுத்தில் முடித்துவிட்டால் எல்லோருக்கும் புரியாதா?
– ஒரு கல்லூரி மாணவர், திருமங்கலம்

பதில்: திருமங்கலத்திலிருந்து தென்காசி வரை எல்லோருக்கும் புரியும். டெல் அவிவிலும் டப்ளினிலும் கூடப் புரியும், ஆனால் வேறு விதமாக. இஸ்ரேலின் நிலையான நேரமும் இதே மூன்று எழுத்துகளால்தான் குறிக்கப்படுகிறது. அது யூடிசியைவிட 2 மணி நேரம் முன்னே இருக்கிறது. அயர்லாந்து கோடைக்காலத்தில் கடைப்பிடிக்கும் நேரத்துக்கும் அதே எழுத்துகள். அது 1 மணி நேரம் முன்னே.

எழுதிக் காட்டுவதோடு நின்றால் குழப்பம் மனிதருக்கு மட்டுமே. அதே எழுத்துகளை ஒரு நிரல் திரும்பப் படிக்கும்போதுதான் நிலைமை மோசமாகிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் இயல்பான சுருக்கெழுத்துப் பட்டியலில் இந்த மூன்றெழுத்து இஸ்ரேலையே குறிக்கிறது. இந்தியாவுக்கென்று தனிப் பட்டியல் ஒன்று அதிலேயே இருந்தாலும், அதை நாமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்காமல் விட்டால் நம் மாலை 6.30 இஸ்ரேலின் மாலை 6.30-ஆகப் பதிவாகி, மூன்றரை மணி நேரம் பிசகிவிடக்கூடும். அமெரிக்காவின் மத்தியப் பகுதி, சீனா, கியூபா மூன்றுக்கும் ‘சிஎஸ்டி’ என்ற ஒரே சுருக்கெழுத்து இருப்பதும் இதே கதைதான். ஜாவாவின் ஆவணமே இத்தகைய மூன்றெழுத்துப் பெயர்களைத் தவிர்க்கச் சொல்கிறது.

இன்னொரு பக்கம், எல்லா ஊருக்கும் இப்படிச் சுருக்கெழுத்து கிடைக்கும் என்றும் நம்பிவிடக் கூடாது. உலகக் கணினிகள் பயன்படுத்தும் நேர மண்டலத் தரவுத்தளத்தில், உள்ளூர் ஆங்கில வழக்கில் இல்லாமல் தொகுப்பாளர்களே உண்டாக்கி வைத்திருந்த சுருக்கெழுத்துகளை 2016, 2017 வாக்கில் நீக்கிவிட்டார்கள். அதனால் பைத்தானில் சதவீதக் குறியோடு பெரிய ‘இசட்’ போட்டு மண்டலத்தின் பெயரைக் கேட்டால், நமக்கு மூன்றெழுத்து வரும். துபாய்க்கு +04 என்றும், கொழும்புக்கு +0530 என்றும் எண்ணே பெயராக வந்து நிற்கும். ஜாவாஸ்கிரிப்ட்டில் குறும்பெயரைக் கேட்டால் மொழி அமைப்பு இந்திய ஆங்கிலமாக இருக்கும்போது ஐஎஸ்டி என்று ஒன்று, அமெரிக்க ஆங்கிலமாக இருக்கும்போது ஜிஎம்டி+5:30 என்று வேறொன்று. உங்கள் மடிக்கணினியில் அழகாக வந்த சுருக்கெழுத்து, வழங்கியில் ஏற்றியதும் காணாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். சுருக்கெழுத்தைப் பார்ப்பதற்காக மட்டும் வைத்துக்கொள்ளலாம். சேமிக்கவும் திரும்பப் படிக்கவும் ஒருபோதும் கூடாது.

கேள்வி: ஜாவாஸ்கிரிப்ட்டில் நேர மண்டல விலகலைக் கேட்டால் மதுரையில் −330 என்று வருகிறது. நாம் முன்னால்தானே இருக்கிறோம்?
– இன்னொரு மாணவர், அதே ஊர்

பதில்: அந்தச் செயற்கூறு யூடிசியிலிருந்து உள்ளூர் நேரத்தைக் கழித்து, நிமிடத்தில் சொல்கிறது, அதனால் கிழக்கே இருப்பவர்களுக்குக் கழித்தல் குறி வருகிறது. குறியை மாற்றிவிட்டு 60-ஆல் வகுத்தால் 5, மீதி 30. யூனிக்ஸ் மரபிலும் இதே தலைகீழ்தான்: ‘ஈடிசி/ஜிஎம்டி-5’ என்ற பெயருள்ள மண்டலம் உண்மையில் ஐந்து மணி முன்னே இருக்கிறது. இந்த வகைப் பெயர்களைப் பட்டியலில் வைத்துப் பயனரிடம் காட்டாமல் இருப்பதே நல்லது.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். பேரன் வாங்கிக் கொடுத்த கணினியில் ஜாதகம் கணிக்கும் மென்பொருள் ஒன்றை வைத்திருக்கிறேன். என் தமக்கையார் 1943-இல் மதுரையில் பிறந்தவர். அவர் பிறந்த நேரத்தைக் கொடுத்தால், ‘ஏசியா/கல்கத்தா’ என்று போட்டு +06:30 என்று காட்டுகிறது. நாம் கல்கத்தாவும் இல்லை, ஆறரையும் இல்லையே?
– மேலூர் வாசகர்

பதில்: மென்பொருள் சொல்வது சரிதான், ஐயா. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவின் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தி வைத்திருந்தார்கள். 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை நாடு முழுவதும் யூடிசியைவிட ஆறரை மணி நேரம் முன்னே இருந்தது. அந்தக் காலத்தில் மருத்துவமனைக் கடிகாரத்தைப் பார்த்து எழுதிய பிறந்த நேரம் என்றால், இன்றைய கணக்குக்கு ஒரு மணி நேரத்தைக் கழித்தே லக்கினம் பார்க்க வேண்டும். எழுதி வைத்தவர் முன்பே கழித்துவிட்டு எழுதினாரா என்பதை மட்டும் குடும்பத்தில் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதை எந்தக் கணினியாலும் சொல்ல முடியாது.

கல்கத்தா விஷயத்துக்கு வருகிறேன். ஆர்தர் டேவிட் ஓல்சன் என்னும் அமெரிக்கர் தொடங்கி, இன்று ஐயானா என்னும் இணைய எண்கள் அமைப்பின் பொறுப்பில் இருக்கும் அந்த நேர மண்டலத் தரவுத்தளம், நாடுகளின் பெயரால் மண்டலங்களை அழைப்பதில்லை. எல்லைகளும் நாட்டின் பெயர்களும் மாறக்கூடியவை என்பதால், 1970-க்குப் பிறகு ஒரே கடிகாரத்தைக் கடைப்பிடித்துவரும் பரப்புக்கு ஒரு பெயர் என்று வைத்து, அந்தப் பரப்பில் மக்கள்தொகை மிகுந்த ஊரின் பெயரைக் கொடுப்பது அதன் வழக்கம். பட்டியல் உருவான காலத்தில் நமக்குக் கல்கத்தா வாய்த்தது. அந்நகரின் ஆங்கில எழுத்து மாறியதையொட்டி 2008-இல் ‘ஏசியா/கொல்கத்தா’ என்று திருத்தினார்கள். பழைய பெயரும் தடையின்றிச் செல்லும். சில மென்பொருள்கள் இன்னும் அதையே காட்டுவது, ஒரு முறை வைத்த பெயரை மாற்றக் கூடாது என்று வேறொரு தரப்படுத்தும் அமைப்பு பிடிவாதமாக இருப்பதால்தான்.

இதில் நம் பக்கத்துக்குச் சொந்தமான செய்தி ஒன்று உண்டு. 1906 ஜனவரி 1 அன்று 82½ பாகைத் தீர்க்கரேகையை வைத்து இந்திய நிலையான நேரம் வருவதற்கு முன்னால், இரயில்வேக்கள் சென்னை வானாய்வகத்தின் நேரத்தில் ஓடின. 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி நிறுவிய அந்த வானாய்வகத்தின் தீர்க்கரேகையை 1802-இல் கணித்தவர் ஜான் கோல்டிங்ஹாம். அந்தச் சென்னை நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 10 வினாடி முன்னே இருந்தது. இன்றும் கொல்கத்தா என்று பெயரிட்ட அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால், 1870 முதல் 1905 முடிய உள்ள ஆண்டுகளுக்கு அந்த 5:21:10 எழுதப்பட்டிருக்கும். பெயர்தான் வங்காளத்துடையது; உள்ளே முப்பத்தாறு ஆண்டுகளுக்குச் சென்னைக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. (மதுரையின் தீர்க்கரேகை ஏறத்தாழ 78.12 பாகை. கடிகாரம் பன்னிரண்டு காட்டிய பிறகு, சராசரியாக பதினேழரை நிமிடம் கழித்தே மீனாட்சி அம்மன் கோயிலுக்கு உச்சி வெயில் வருகிறது. ஜாதகம் கணிக்கும் தங்களுக்கு இது புதிதன்று.)

இந்த முதல் வரிகள் நிரலாளர்களையும் கடித்துவைப்பதுண்டு. அதே கோப்பின் தொடக்கத்தில் 1854-க்கு முற்பட்ட கொல்கத்தாவின் உள்ளூர் நேரம் 5:53:28 என்று இருக்கிறது. பைத்தானில் பைடிஇசட் என்னும் பழைய லைப்ரரியின் மண்டலத்தை நேரடியாக ஒரு நேரத்தோடு ஒட்டினால், அது கோப்பின் இந்த முதல் வரியை எடுத்துக்கொண்டு +05:53 என்று காட்டும். திரையில் 5:53 தெரிந்தால் காரணம் இதுவே. அந்த லைப்ரரியின் ‘லோக்கலைஸ்’ செயற்கூறு வழியாக ஒட்ட வேண்டும், அல்லது 3.9-ஆம் பதிப்பில் மொழியோடு சேர்ந்தே வந்துவிட்ட சோன்இன்ஃபோவுக்கு மாறிவிட வேண்டும்.

கேள்வி: எல்லா நேரத்தையும் யூடிசியில் சேமித்து, காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரமாக மாற்று என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அப்படியே செய்தேன். இலண்டனில் இருக்கும் மருத்துவரோடு காணொளி ஆலோசனைக்கு முன்பதிவு செய்யும் செயலி அது. மருத்துவருக்குக் காலை 9 மணி என்று பதிவானது, ஒருநாள் வேறு மணியாகக் காட்டுமா என்று என் மதினி கேட்கிறார். அவர்தான் வரவேற்பு மேசையைப் பார்த்துக்கொள்கிறார். காட்டுமா?
– திண்டுக்கல் வாசகர்

பதில்: தங்கள் மதினியார் கேட்டது மிகச் சரியான கேள்வி. நடந்து முடிந்ததற்கு யூடிசி போதும்: பணம் கட்டிய நேரம், அறிக்கை பதிவேறிய நேரம் ஆகியவை இனி மாறப்போவதில்லை. நடக்கப்போவதற்கு அது போதாது. இலண்டனில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைத்து, அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே வைப்பார்கள். நமக்கும் அவர்களுக்கும் குளிர்காலத்தில் ஐந்தரை மணி, கோடையில் நாலரை மணி இடைவெளி. கோடையில் பதிவு செய்து, அந்த நாளின் இடைவெளியை வைத்து மாற்றிச் சேமித்தால், வாரந்தோறும் காலை 9 மணி என்று போட்ட ஆலோசனை நவம்பரில் மருத்துவருக்கு 8 மணியாகிவிடும். தங்கள் நிரல் ஆலோசனை நாளுக்குரிய விதியைப் பார்த்து மாற்றினால் இந்தப் பிழை வராது. அப்போதும் ஓர் ஓட்டை மிச்சமிருக்கும்: இடைப்பட்ட காலத்தில் ஒரு நாடு விதியையே மாற்றலாம்.

அது கற்பனை அன்று. மெக்சிகோ 2022-இல் கோடை நேரத்தைப் பெரும்பாலான பகுதிகளில் கைவிட்டது. எகிப்து 2023-இல் மீண்டும் கொண்டுவந்தது. இலங்கையோ 1996 மே மாதம் ஐந்தரையிலிருந்து ஆறரைக்கும், அதே ஆண்டு அக்டோபரில் ஆறுக்கும் போய், 2006 ஏப்ரலில் மறுபடி ஐந்தரைக்கு வந்தது. இன்று மதுரைக்கும் கொழும்புக்கும் ஒரே கடிகாரம் என்று சொல்லி இரண்டையும் +05:30 என்ற ஓர் எண்ணில் அடைத்த செயலி, 2003-ஆம் ஆண்டுக் கொழும்புப் பதிவு ஒன்றைக் காட்டும்போது அரை மணி தவறாகக் காட்டும்.

ஆகவே எதிர்கால முன்பதிவுக்கு மூன்றைச் சேமியுங்கள்: மருத்துவரின் ஊர்த் தேதி, அந்த ஊர் நேரம், ‘யூரோப்/லண்டன்’ என்ற மண்டலப் பெயர். யூடிசியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, மண்டலத் தரவுத்தளம் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் திரும்பக் கணக்கிடுங்கள். மதினியாரின் திரையில் ‘மதியம் 2.30 (இலண்டன் காலை 9.00)’ என்று இரண்டும் தெரியட்டும், அக்டோபர் கடைசி ஞாயிறைத் தாண்டும் வாரத்தில் நம் பக்க நேரம்தான் 1.30-லிருந்து 2.30-ஆக மாறுகிறது என்பதை நோயாளிக்கு முன்கூட்டியே ஒரு குறுஞ்செய்தியில் சொல்லிவிடுங்கள். தொலைபேசியில் வரும் பாதிச் சண்டை அதோடு குறையும்.

கேள்வி: பயண முகவராக இருக்கிறேன். விமானச் சீட்டில் எந்த நேர மண்டலமும் போட்டிருப்பதில்லை. எங்கள் மென்பொருளில் எல்லாவற்றையும் இந்திய நேரத்துக்கு மாற்றிக் காட்டிவிடலாமா?
– டவுன் ஹால் ரோடு வாசகர், மதுரை

பதில்: வேண்டவே வேண்டாம். சீட்டில் இருப்பது அந்தந்த விமான நிலையத்தின் சுவர்க் கடிகாரம்; பயணி அங்கே போய் அதைத்தான் பார்ப்பார். சிங்கப்பூரில் 15-ஆம் தேதி 01.10 மணிக்குப் புறப்படும் விமானம், இந்திய நேரத்துக்கு மாற்றினால் 14-ஆம் தேதி இரவு 10.40 ஆகிவிடும், தேதியே மாறிய சீட்டை வைத்துக்கொண்டு யார் போய் நிற்பது? பயண நேரத்தைக் கணக்கிட மட்டும் உள்ளே இரண்டு மண்டலங்களையும் பயன்படுத்துங்கள்.

உங்களுக்கு நேர மண்டலத்தைவிடப் பெரிய தொல்லை நள்ளிரவுதான். 15-ஆம் தேதி 00.40 என்று அச்சடித்தால், நம் மக்களில் பலர் 15-ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்புகிறார்கள். விமானம் முந்தைய இரவே போயிருக்கும். நள்ளிரவுக்கும் அதிகாலை 4 மணிக்கும் இடையில் வரும் எந்த நேரத்துக்கும், கிழமையைப் பெயரோடு எழுதி, ‘14 வியாழன் இரவு விமான நிலையத்தில் இருக்க வேண்டும், புறப்பாடு 15 வெள்ளி 00.40, சிங்கப்பூர் நேரம்’ என்று இரண்டு வரியாகக் காட்டும்படி உங்கள் நிரலாளரிடம் சொல்லுங்கள்.